பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘14 வயதுத் தாய்’ பார்ப்பது எப்படி

ரங்கூனில் தாம்வே பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னதாக ஒரு மருந்துக்கடை நடத்துகிறேன். நாப்கின் வாங்க வரும் பெண்கள், கடையில் ஆம்பளை யாராவது நின்றால் முதலில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். அப்புறம் தைலம். ஆள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, “அக்கா, அது ஒண்ணு” என்பார்கள். அவர்கள் கண் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று பார்த்து எடுத்துக் கொடுப்பேன். தமிழ்ப் பெண்களும் சரி, பர்மியப் பெண்களும் சரி, இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

தினமும் இதையே விற்கிறவள் வீட்டில் துணிச்சலாகப் பேசுவாள் என்று நினைப்பீர்கள். என் அண்ணன் மகள், முறையில் எனக்கு மருமகள், எங்களோடுதான் இருக்கிறாள், வயது 17. ஜப்பானுக்குப் போய் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று மொழி படிக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் இப்படிக் கிளம்புகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு வாத்தியார் ஜப்பான் டிவி நாடகம் பாருங்கள், அதுவும் முதல் தடவை சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள் என்று சொன்னாராம். யாரிடமோ ஒரு பென்டிரைவ் வாங்கி வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தே, நின்ஷின்னா என்ன?”

திரையில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, எதிரே ஒரு டாக்டரம்மா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே போதும், மொழி தெரிய வேண்டாம். “ஏதாவது வயித்துக் கோளாறா இருக்கும்” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். நின்ஷின் என்றால் கர்ப்பம். அகராதியில் பார்த்துவிட்டு அவளே வந்து சொன்னாள், “வயித்துக் கோளாறுதான் அத்தே, பத்து மாசக் கோளாறு” என்று. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தில்தான் நாடகத்தை முதல் எபிசோடிலிருந்து அவளோடு சேர்ந்து பார்க்க முடிவு செய்தேன். அப்புறம் என் மகனோடு ஒரு தடவை, மோல்மேனிலிருந்து வந்திருந்த உறவுப் பிள்ளைகளோடு ஒரு தடவை. மூன்று சுற்று முடிந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எந்த நாடகம்

இதன் ஜப்பானியப் பெயர் ‘ஜூயோன்சாய் நோ ஹாஹா’. பதினாலு வயதுத் தாய் என்று அர்த்தம். நிப்பான் டெலிவிஷனில் 2006 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரம் ஒன்றாக 11 எபிசோட் வந்தது. மிகி என்ற பெண் நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. டியூஷனில் பழக்கமானவன் சதோஷி, அவளைவிட ஒரு வகுப்பு மேலே. மிகி கர்ப்பமாகிறாள், பெற்றுக்கொள்வது என்று முடிவெடுக்கிறாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம், இரண்டு குடும்பங்கள், அக்கம்பக்கம், ஒரு வாரப் பத்திரிகைக்காரன் எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை. மிகியாக நடித்த ஷிதா மிராய்க்கு அப்போது நிஜ வயதே 13. நீங்கள் பயப்படுகிற மாதிரிக் காட்சி எதுவும் கிடையாது, அப்பாவும் கூட உட்காரலாம். அவர் எழுந்து போனால் அது காட்சியால் இருக்காது.

பிள்ளைக்கு 16, 17 ஆகிவிட்டால் 2020இல் அபேமா இணையத் தொலைக்காட்சி எடுத்த ‘17.3 அபவுட் எ செக்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. ஆணுறை செய்யும் கம்பெனி ஒன்று பல நாடுகளில் கணக்கெடுத்து, முதல் உறவின் சராசரி வயது 17.3 என்று சொன்னது. தலைப்பில் உள்ள எண் அதுதான். மூன்று தோழிகள், எதையும் பச்சையாகப் பேசிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு அந்த மாதிரி ஈர்ப்பே யார் மேலும் வருவதில்லை, அதையும் ஒரு குறையாகக் காட்டாமல் எடுத்திருக்கிறார்கள். நல்ல நாடகம். ஆனால் இதிலிருந்து ஆரம்பித்தால் பெரியவர்கள் இரண்டாவது எபிசோடுக்கு வர மாட்டார்கள். முதலில் மிகி, அப்புறம் இது.

பழசு வேண்டுமானால் 1979இல் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய கின்பாச்சி வாத்தியார் தொடர் உண்டு. அதில் 15 வயது மாணவி ஒருத்தி குழந்தை பெறுகிறாள். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த நாட்டில் வாத்தியார்கள் சொல்லத் தயங்குவதை டிவிதான் சொல்லி வருகிறது போலிருக்கிறது. ஜப்பான்காரர்கள் இதிலெல்லாம் திறந்த மனசுக்காரர்கள் என்று நானும் நினைத்திருந்தேன். 1998இல் வந்த அவர்கள் பாடத்திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு அறிவியலில் கரு எப்படி வளர்கிறது என்று சொல்லலாம், கரு உண்டாகும் வழியைத் தொடக் கூடாது என்று ஒரு வரி. விதைக்காமலே முளைத்த செடி. 2003இல் தோக்கியோவில் மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பொம்மை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்ததற்காக அந்த ஆசிரியர்களைக் கண்டித்தார்கள். ஆசிரியர்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல்தான் ஜெயித்தார்கள். என் மகன் படிக்கும் பள்ளியிலும் வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்த அத்தியாயம் வந்ததும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிட்டாராம். எல்லா ஊரிலும் பக்கம் ஒரே இடத்தில்தான் திரும்புகிறது.

உட்காருவதற்கு முன்னால்

முதல் இரண்டு எபிசோடையாவது நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் உங்கள் முகம் மாறும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் திரையைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்க்கும்.

எதிரும் புதிருமாக உட்காராதீர்கள். எல்லாரும் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். எங்கள் வீட்டில் பூண்டு உரிப்பது, பயறு பொறுக்குவது, ஒரு நாள் லபெட் என்கிற தேயிலைக் கலவைக்கு முட்டைக்கோஸ் நறுக்குவது. கண்ணைப் பார்த்துக் கேட்க முடியாத கேள்வியைப் பயறைப் பார்த்துக் கேட்டுவிடலாம். என் மருமகள் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி பயறிடம் கேட்டவைதான்.

மின்சாரம் வருகிற நேரத்தைப் பொறுத்துத்தான் நம் ஊரில் எல்லாமே. “மீ லா பீ!”, கரண்ட் வந்தாச்சு, என்று தெருப் பிள்ளைகள் கத்தினதும் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும், சோறு வேகும், துணி துவைபடும். அந்தப் பரபரப்பில் நாடகம் போடாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, போனதுக்கப்புறம் இருட்டில் பாருங்கள். இருட்டு எங்களுக்கு நிறைய உதவி செய்திருக்கிறது.

ஒரு உட்காரலுக்கு ஒரு எபிசோட். ஒன்றரை மாதத்தில் முடிந்தால் போதும். ஒரே ராத்திரியில் 11ஐயும் பார்த்தால் அது கதையாகப் போய்விடும், இடையில் கேள்வி முளைக்க நாள் வேண்டும்.

சொல் வேண்டும்

எங்களுக்கு வந்த பெரிய முட்டுக்கட்டை சொல்தான். மூன்று மொழி பேசுகிற வீடு, ஆனால் இந்த விஷயத்துக்கு மூன்றிலும் வாயில் சொல் இல்லை.

இரண்டாவது எபிசோடோ மூன்றாவதோ, மருமகள் திடீரென்று சிரித்தாள். “சேய்ரி வரவில்லை” என்று ஒரு வசனம். அவள் வகுப்பில் சேய்ரி என்றால் ஒழுங்குபடுத்துவது என்று படித்திருக்கிறாள். ஜப்பான் தொழிற்சாலைகளில் ஐந்து எஸ் என்று ஒரு ஒழுக்கம் உண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் வாரமே அதைக் கற்றுக்கொடுப்பார்கள். அதில் முதல் எஸ் சேய்ரி. “ரூமை ஒழுங்குபடுத்த வரலைன்னு எதுக்கு அத்தே இப்படி அழுகிறாள்?” என்கிறாள். எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. இன்னொரு சேய்ரிக்கு மாதவிலக்கு என்று அர்த்தம். அதே மாதிரி ஹினின் என்றால் கருத்தடை, நின்ஷின் என்றால் கர்ப்பம். காதில் விழும்போது கிட்டத்தட்ட ஒன்று மாதிரியே இருக்கும். “ஹினின் பண்ணாட்டி நின்ஷின்” என்று அவளே மனப்பாடத்துக்கு ஒரு வரி கட்டிக்கொண்டாள். அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கினாள், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்.

சரி, தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? தீட்டு. தூரம். வீட்டுக்கு விலக்கு. “குளிக்காமல் இருக்கிறாள்” என்றால் கர்ப்பம். எல்லாமே சுற்றி வளைத்துப் போகிற சொல். பர்மியத்தில், நாமும் ராசி என்று சொல்கிற பழைய வடசொல்லையே ‘யாதீ’ என்று சொல்கிறார்கள், பருவம் என்ற பொருளில். அது எவ்வளவோ தேவலை. நாங்கள் வீட்டில் பேசி முடிவு செய்தது இதுதான்: மாதவிடாய், கர்ப்பம், ஆணுறை, கருத்தடை. இந்த நாலு சொல்லையும் குரலைத் தாழ்த்தாமல் சொல்வது. முதல் வாரம் ‘ஆணுறை’ என்று சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. கடையில் ‘கொண்டோம்’ என்று பர்மியர் மாதிரி சொல்லி விற்றுவிடுவேன், தமிழில் சொன்னால் தான் அது நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இந்தப் பேச்சில் என் அம்மாவும் சேர்ந்துகொண்டது நான் எதிர்பாராதது. ஜப்பானில் பெண் பெரியவளானால் சேகிஹான் என்று சிவப்புச் சோறு ஆக்குவார்கள். ஒட்டரிசியோடு சின்னச் சிவப்புப் பயறு சேர்த்து வேகவைத்தது, சாயம் இறங்கி இளஞ்சிவப்பாக இருக்கும். நல்ல காரியம் எதுவானாலும் செய்வது. ஆனால் காரணமில்லாத நாளில் சோறு சிவந்தால் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் சேதி தெரிந்துவிடும். அதனாலேயே இப்போதைய பெண்கள் பலர் வேண்டாம் என்கிறார்களாம். மருமகள் வகுப்பில் கேட்டுவந்து சொன்னாள். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, “இங்க மட்டும் என்னவாம்? உளுந்தங்களி கிண்டுற வாசம் பிடிச்சே தெருவுக்குத் தெரிஞ்சிரும். எனக்கு நல்லெண்ணெயில பச்சை முட்டையை ஊத்திக் குடிக்கச் சொன்னாங்க, பதினோரு நாள்” என்றார். “எதுக்குன்னு கேட்டீங்களா அப்பத்தா?” “கேக்குறதுக்கு வாய்ல முட்டைல்ல இருந்துச்சு.”

அப்படி ஆரம்பித்து, அம்மா எழுபது வருடமாகச் சொல்லாத பலதைச் சொன்னார். மஞ்சள் நீராட்டு வைத்து ஊரைக் கூட்டினார்கள், தாய்மாமன் சீர் கொண்டு வந்தார், பந்தி போட்டார்கள். என்ன நடந்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏதோ அடிபட்டிருக்கிறது என்றுதான் நினைத்தாராம். எங்கள் சடங்கில் ஊர் முழுக்கப் பேச்சு, அந்தப் பெண்ணிடம் மட்டும் பேச்சில்லை. ஆக, பாட்டி இருந்தால் உட்கார வையுங்கள். அவர்களுக்கு சப்டைட்டில் வேண்டாம், கதையை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள்.

எங்கே நிறுத்துவது

அடிக்கடி நிறுத்தினால் பிள்ளைகள் எழுந்து போய்விடும். எபிசோடுக்கு ஒரே ஒரு தடவை. அதுவும் “இதிலிருந்து என்ன தெரியுது?” என்று பள்ளிக்கூடக் கேள்வி வேண்டாம். நம் கதையில் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி ஓடவிடுவது போதும்.

மிகி தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் தனியாக அலைகிற பகுதி முதல் நிறுத்தம். நான் என் கடைக் கதையைச் சொன்னேன். முதல் தடவை என்றால் ஒன்றும் ஆகாது என்று நம்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு குடித்தால் போதும் என்று யாரோ சொல்லி, குடித்துவிட்டு நாலு வாரம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவையிலும் ஆகும். ஆணின் உயிரணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால் நாள் எண்ணித் தப்பிப்பது பதின்ம வயதில் நம்ப முடியாத கணக்கு. மாதவிடாய் தேதி அந்த வயதில் முன்னே பின்னேதான் வரும்.

பரிசோதனைக் குச்சியைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிட்டேன். மாதவிடாய் தள்ளிப்போன பிறகு, காலையில் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. ரொம்ப முந்திப் பார்த்தால் ஒரு கோடு காட்டி ஏமாற்றும். அவசர மாத்திரை என்பது வேறு விஷயம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே தடவை, உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். இது கருவைக் கலைக்காது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கியிருந்தால் ஒன்றும் செய்யாது. நோய்த் தொற்றையும் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். இதையெல்லாம் நான் சொல்லும்போது மருமகள் பயறிலிருந்து கல்லே பொறுக்கவில்லை, ஒரே பயறை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

இரண்டாவது நிறுத்தம், மாதக் கணக்கு வரும் இடம். இதில் ஒரு வேடிக்கை. நாம் பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்கிறோம். ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் பத்து மாதம் பத்து நாள் என்பார்களாம். யார் சரி? எல்லாரும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 40 வாரம், 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து. அங்கே இன்றைக்கும் டாக்டர்கள் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள், அதனால் நாடகத்தில் நாலாவது மாதம் என்று வந்தால் பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு வாரம் என்றாலே ஐந்து வாரக் கர்ப்பம் என்று டாக்டர் சொல்லும்போது, “நாங்க பழகியே மூணு வாரம்தானே” என்று குழம்பின ஜோடிகள் உண்டு. ஒரு பையன் அதை வைத்துப் பெண்ணைச் சந்தேகப்பட்டு என் கடை வாசலிலேயே சண்டை போட்டான்.

மூன்றாவது, பெறுவதா வேண்டாமா என்று குடும்பம் உட்கார்ந்து பேசும் பகுதி. ஜப்பானில் 22 வாரத்துக்கு முன்னால் வரை சட்டப்படி கருக்கலைப்புக்கு வழி உண்டு. இங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிர மற்றபடி குற்றம். இதைச் சொல்லாமல் அந்த எபிசோடைப் பார்த்தால் பிள்ளைகள் ஏதோ இங்கேயும் ஒரு கிளினிக்கில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கும். வழியில்லாத ஊரில்தான் குச்சியும் கோலும் வைத்துக்கொண்டு சிலர் வழி சொல்வார்கள். ரத்தப்போக்கு நிற்காமல், காய்ச்சலோடு, கடைக்கு மாத்திரை கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுக்க மாட்டேன், டாக்சி பிடித்துக் கொடுப்பேன். “எது ஆனாலும் முதலில் என்னிடம் வா, திட்டு அப்புறம்” என்று நான் சொன்னது இந்த இடத்தில்தான். அவள், “திட்டு கட்டாயம் உண்டா அத்தே?” என்றாள். உண்டு என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சதோஷியின் அம்மா பேசுகிற காட்சிகளில் நிறுத்தவே வேண்டாம். கம்பெனி நடத்துகிற தனியாள், மகன்தான் உலகம், மிகியின் குடும்பத்தை மதிப்பதே இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சொந்தக்காரி பெயரைச் சொல்லித் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பையன்களைத் துரத்தாதீர்கள்

முதல் சுற்றில் என் மகனை டியூஷனுக்கு அனுப்பிவிட்டுத்தான் பார்த்தோம். தப்பு. அவனுக்கு 14 ஆனதும் தனியாக ஒரு சுற்று வைத்தேன். சதோஷிக்கு 15 வயது. ஓடிப்போகிறவன் என்று முதலில் தோன்றும், போகப் போக அப்படியில்லை. பையன்களோடு பேச அவன்தான் பிடிமானம். “அவன் இடத்துல நீ இருந்தா?” என்று கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். “அவன் எப்ப வாயைத் திறந்திருக்கணும்?” என்று கேட்டேன். “எபிசோட் ஒண்ணுலயே” என்றான்.

அவனிடம் சம்மதம் பற்றிப் பேசவும் நாடகம் உதவியது. ஜப்பானில் சம்மத வயது 1907ஆம் வருடச் சட்டத்திலிருந்து 13 ஆகவே இருந்து, 2023 ஜூலையில்தான் 16 ஆனது. நாடகம் வந்த வருடம் மிகி சட்டத்தின் கணக்கில் பெரியவள்! அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு “அது எப்படி?” என்றான். நல்ல கேள்வி. பெண் சரி என்று சொல்வதும், வேண்டாம் என்று சொல்லத் தயங்குவதும் வேறு வேறு என்று பேச ஆரம்பித்தோம். ‘ஆனாடே’ என்று பர்மியத்தில் ஒரு சொல் இருக்கிறதே, அடுத்தவர் மனசு நோகுமே என்று வாயடைத்துப் போவது, அதை வைத்தே விளக்கினேன். ஒரு பெண் ஆனாடேயில் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. அவனுக்குத் தமிழில் விளக்கியிருந்தால் இவ்வளவு சட்டென்று புரிந்திருக்காது.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் கொடியில் தமேய்ன், அதாவது பெண்கள் கட்டும் லுங்கி, காயும்போது அவன் அதன் கீழே வரமாட்டான், சுற்றிக்கொண்டு போவான். இந்த ஊர் வழக்கம், ஆண்களின் மகிமை குறைந்துவிடுமாம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவுக்குக் குறுக்கே பெண்கள் தமேய்ன்களைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே வரத் துப்பாக்கிக்காரர்களே தயங்கி நின்றதை இந்த ஊர் பார்த்தது. நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாடகம் பாதி ஓடியிருந்தபோது ஒரு நாள் மழை வந்தது, அவனே ஓடிப்போய் எல்லாத் துணியையும் உருவிக்கொண்டு வந்தான், தமேய்ன் உட்பட, தலைமேல் போட்டுக்கொண்டு. அம்மாதான் “அட பாவி” என்றார்.

ஜப்பானுக்குப் போகிறவர்கள் வீட்டில்

பிள்ளை அங்கே வேலைக்குப் போவதாக இருந்தால் இது கூடுதல் பாடம். அவசர மாத்திரை இங்கே என் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கிடைக்கும். அங்கே தினசரிக் கருத்தடை மாத்திரைக்கே 1999இல்தான் அனுமதி வந்தது. அவசர மாத்திரைக்கு 2011இல், அதுவும் டாக்டர் சீட்டோடு. சீட்டில்லாமல் சில மருந்துக்கடைகளில் விற்றுப் பார்ப்பது என்று ஆரம்பித்ததே 2023 நவம்பர் கடைசியில். அப்போதெல்லாம் நம் ஊர் மாதிரி நினைத்துக்கொண்டு போய்க் கடையில் நின்றிருந்தால் 72 மணி நேரம் ஓடிப்போயிருக்கும். போவதற்கு முன்னால் இப்போதைய நிலவரத்தை விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கர்ப்பமானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜெண்டுகள் பயமுறுத்தி அனுப்புகிறார்கள். அந்தப் பயத்தில் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குமாமோத்தோவில் ஒரு வழக்கு நடந்தது. வியட்நாமிலிருந்து போன பயிற்சித் தொழிலாளிப் பெண், 2020இல் யாருக்கும் சொல்லாமல் அறையிலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். இரண்டும் இறந்தே பிறந்தன. உடல்களைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்ததற்காக அவள்மேல் வழக்கு. கீழ்க்கோர்ட்டுகளில் தண்டனை, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுவித்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை ஜப்பான் சட்டம் தடுக்கிறது, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். இதை நான் மருமகளிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை ஜப்பான் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவளை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். “நின்ஷின் ஷித்தேமாஸ்.” நான் கர்ப்பமாக இருக்கிறேன். N4 என்கிற ஜப்பான் மொழிப் பரீட்சைக்கு இந்த வாக்கியம் வராது என்றாள். சரி, வராது.

நான் கெடுத்துக்கொண்ட இடங்கள்

“பார்த்தியா, இப்படித்தான் ஆகும்” என்று ஐந்தாவது எபிசோடில் ஒரு தடவை சொல்லிவிட்டேன். பத்து நாள் நாடகம் நின்றுபோனது. மருமகள் வகுப்பு இருக்கிறது, தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நானே போய், “மிகியோட தம்பி என்ன ஆனான்னு தெரியலையே” என்று இழுத்துத்தான் திரும்ப உட்கார வைத்தேன்.

மோல்மேன் பிள்ளைகள் ஐந்து பேர், மூன்று வெவ்வேறு வயசு. அது சந்தைக்கடை ஆகிவிட்டது, சின்னது எதற்கு எல்லாரும் அழுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், வயசு வித்தியாசமும் இரண்டு வருடத்துக்குள் இருக்கட்டும்.

வாட்ஸாப்பில் என் நாத்தனாருக்கு இதைப் பற்றி எழுதினதும் தப்பு. மறுநாள் பீலிக்கான் கோயிலுக்குப் போன இடத்தில் மூன்று பேர் என்னிடம், “என்னமோ படம் காட்டுறியாமே” என்றார்கள். நாடகம் முடிகிறவரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசி இரண்டு எபிசோடில் பிரசவம் வருகிறது. சுகமாக நடப்பதில்லை, தாய்க்கும் சிக்கல், குழந்தை சின்னதாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வீட்டில் மாசமாக இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பார்க்காத நேரமாகப் போடுங்கள். இதை மட்டும் இரண்டு எபிசோடாக ஒரே உட்காரலில் பாருங்கள், பாதியில் விட்டால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் குழந்தையைக் காட்டுகிற சமயம் பார்த்து லேப்டாப் அணைந்து, மறுபடி “மீ லா பீ” கேட்கிற வரைக்கும் அம்மா உட்பட எல்லாரும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம், விடிகாலை மூன்றரை மணிக்கு வந்தது. சார்ஜை நூறு வரைக்கும் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.